இருபத்தைந்து மீட்டரில் முந்நூறு மீட்டர்

துப்பாக்கி சுடுகிறவர்கள் வாழ்நாளில் சுடும் நேரத்தைவிடச் சும்மா குப்புறப் படுத்துக் கிடக்கும் நேரம்தான் அதிகம். இது தெரியாமல்தான் நானும் இதில் இறங்கினேன்.

ஆசிய விளையாட்டுக்காக டெல்லியைத் தோண்டிப் போட்டிருந்த காலம். ஆர்.கே.புரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அசிஸ்டென்டாக இருந்தேன். பாளையங்கோட்டையில் படித்தபோது என்.சி.சி.யில் கொஞ்சம் சுட்டிருக்கிறேன் என்று யாரிடமோ வாய்தவறிச் சொன்னது, அலுவலக ரைஃபிள் கிளப்பில் கொண்டுபோய் விட்டது. அரசு அலுவலகங்களுக்கு இடையே வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். அதில் டார்கெட் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும். எங்கள் கிளப்பில் இருந்ததோ, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவருக்கும் மணல் மூட்டைக்கும் நடுவில் இருபத்தைந்து மீட்டர். அதற்கு மேல் போனால் கேன்டீன்.

தண்ணீரில்லாத ஊரில் நீச்சல் பழகியவர்கள், வீணை வாங்க வழியில்லாமல் மேஜைமேல் விரலோட்டிப் பழகியவர்கள், முனிர்க்கா சந்துக்குள் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிவிட்டு நேரே ரிங் ரோட்டில் இறங்கியவர்கள், நீங்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இது புரியும்.

சுருங்காத குண்டு

கிளப்பில் பெண்கள் இரண்டே பேர். நானும், கணக்குப் பிரிவில் வேலை பார்த்த சுதேஷும். சுதேஷ் பஞ்சாபி. எதையும் வகுத்தும் பெருக்கியும் பார்க்காமல் விடமாட்டாள். முந்நூறை இருபத்தைந்தால் வகுத்தால் பன்னிரண்டு. ஆகவே டார்கெட்டையும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்துவிட்டால், படுத்திருப்பவள் கண்ணுக்கு அது முந்நூறு மீட்டரில் நிற்கிற மாதிரியேதான் தெரியும் என்று அவள்தான் சொன்னாள். காம்பஸ் வைத்து வரைந்தும் கொண்டுவந்தாள். தாம்பாளம்போல இருக்கவேண்டிய கறுப்பு வட்டம் குழந்தை வளையல் அளவுக்கு ஆகிவிட்டது. அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான வட்டம் ரவிக்கைப் பித்தானைவிடச் சின்னது.

நான் படுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ரைஃபிளின் பின்பக்கம் குறி பார்ப்பதற்கென்று இருக்கும் சின்னத் துவாரம் வழியாகப் பார்த்தால், கண்ணுக்கு இருபத்தைந்தும் தெரியாது, முந்நூறும் தெரியாது. ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. தூரம் என்று நாம் பயப்படுவது இவ்வளவுதானா என்று தோன்றியது. அன்று நான் சுட்டதெல்லாம் பித்தான் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு விழுந்தன. எனக்கும் சுதேஷுக்கும் பெருமை தாங்கவில்லை. முந்நூறு மீட்டரை வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு டார்கெட் தாளை எடுத்துப் போய் நேகியிடம் காட்டினோம்.

நேகி கட்வால் மலைக்காரர். ராணுவத்திலிருந்து வந்தவர், கிளப்பின் துப்பாக்கிகளுக்கும் சுடுமிடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பித்தான் வட்டம் இருந்த இடத்தில் வட்டமே இல்லை. வெறும் ஓட்டைதான் இருந்தது. பிறகு நிதானமாக இந்தியில் சொன்னார்: “டார்கெட்டைச் சுருக்கிவிட்டீர்கள், சரி. குண்டைச் சுருக்க மறந்துவிட்டீர்களே, இந்த ஓட்டையைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கினால் உள்ளே ஒரு தேங்காயை வைக்கலாம்.”

மரத் துப்பாக்கி

அன்றிலிருந்து ஓட்டையின் நடு எங்கே விழுந்தது என்றுதான் கணக்கு. தொடுவதெல்லாம் சேர்த்தியில்லை. என் பெருமை அத்தோடு இறங்கியது. இன்னும் நிறையப் பழகவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கிளப் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவே முடியாது. ஆகவே முனிர்க்காவில் ஒரு தச்சரிடம் போய், துப்பாக்கி வடிவில் ஒரு கட்டை செய்து தரச் சொன்னேன். அதே நீளம், அதே கனம். அடியில் குடைந்து ஈயம் வைத்தோம். முன்னால் ஒரு ஆணியும் பின்னால் துளையிட்ட தகரத் துண்டும் வைத்துக் குறி பார்க்க வழிசெய்தோம். குண்டு மட்டும்தான் போடமுடியாது.

அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எத்தனை சுற்றினாலும் துப்பாக்கியின் உருவம் மறையாது என்பது அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து போய்த் தள்ளி நின்றாள். கூட்டமான பஸ்ஸில் என்னைச் சுற்றி மட்டும் வட்டமாக இடம். கண்டக்டர் வந்து, “இது என்ன?” என்றார். லக்கடி, மரக்கட்டை என்றேன். பிரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். தட்டிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிரைவரின் முதுகைக் குறி பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

ஐந்து நிமிஷம் பஸ் முழுக்க அந்தக் கட்டையைப் பற்றிய விவாதம். அது ஆயுதமா, சாமானா? ஆயுதம் என்றார் ஒரு பெரியவர். விளையாட்டுச் சாமான் என்றாள் தள்ளி நின்ற அம்மாள், இப்போது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு. கடைசியில் கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: “பெஹன்ஜீ, இது நிஜத் துப்பாக்கியென்றால் போலீஸ் தானாவுக்குப் போகவேண்டும், மரம் என்றால் லக்கேஜ் டிக்கெட் எடுக்கவேண்டும், எதுவென்று நீங்களே முடிவுசெய்து ஜல்தி சொல்லுங்கள்.”

வாசல் கதவில் ஒரு புள்ளி

எங்கள் குவார்ட்டர்ஸில் நேராக நீளமாக ஒரு இடம் என்றால், அடுப்படியிலிருந்து வாசல் கதவு வரைக்கும்தான். அடுப்படி வாசலில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டு, வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறி பார்ப்பேன். என் கணவர் சண்முகம் ரயில்வே போர்டில் இருந்தார். முதலில் சிரித்தார், பிறகு பழகிப்போய்விட்டார். காபி டம்ளரோடு என்னைத் தாண்டிப் போகும்போது, “கால மடக்கு கோமதி” என்பதோடு சரி.

ஒருநாள் காலை அவர் பால் வாங்கப் போனவர் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தார். நான் குறி பார்த்துக்கொண்டிருக்கிறேன். புள்ளி திடீரென்று என்னை விட்டு விலகி இடது பக்கமாகப் போனது. அது இருந்த இடத்தில் ஒரு வேட்டி தெரிந்தது. ஹரித்துவார் போகிற வழியில் சண்முகத்தின் பெரியப்பாவும் பெரியம்மாவும், கையில் டிரங்குப் பெட்டியோடு, பாளையங்கோட்டையிலிருந்து நேரே வந்து நிற்கிறார்கள். எழுதிய கடிதம் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. பெரியம்மா சத்தமில்லாமல் பெரியப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். பெரியப்பா அசையவில்லை. பின்னாலேயே பால் பாத்திரத்தோடு வந்த சண்முகத்திடம் திரும்பாமலே சொன்னார்: “ஏல சண்முகம், தந்தி குடுத்துட்டு வந்திருக்கணும். எங்க மேலதான் தப்பு.”

குளித்துச் சாப்பிட்டு எல்லாம் ஆன பிறகு பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜமுக்காளத்தில் தானே படுத்தார். நான் தோளில் கட்டையை வைத்துக் கொடுத்தேன். ஆணியின் தலையும் புள்ளியும் ஒன்றாகச் சேரவேண்டும் பெரியப்பா என்றேன். வெகுநேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, “போதும், எந்திரிங்க, இடுப்பு புடிச்சிக்கிடும்” என்றாள். அவர் காதில் விழவில்லை. கடைசியில் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: “மூச்சு விட்டா மூச்சுல ஆடுது, மூச்சப் புடிச்சா நெஞ்சுத் துடிப்புல ஆடுது. உசுரோட இருக்க வரைக்கும் இது நிக்கவே நிக்காதா தாயி?”

மங்கலாகத் தெரிய ஒரு கண்ணாடி

வயது முப்பத்தைந்தைத் தாண்டியதும் முன்குறி எனக்குக் கலங்க ஆரம்பித்தது. குழல் முனையில் நிற்கிற அந்தச் சின்ன வளையம்தான் முன்குறி. கண் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்காது. அதனால் சுடுகிறவள் முன்குறியைத்தான் கூர்ந்து பார்க்கவேண்டும். டார்கெட் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, மங்கலாகத்தான் இருக்கவேண்டும். கேட்கும்போது தலைகீழாக இருக்கும். எனக்கும் அதில் நம்பிக்கை வர ரொம்ப நாளானது. எதைச் சுடுகிறோமோ அதைப் பார்க்கக் கூடாது.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரரே கண்ணையும் சோதிப்பார். எழுத்துப் பலகையின் முன் உட்காரவைத்து லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். திருப்தியாக எழுதப் போனவரிடம், “இது வேண்டாம், அந்தப் பலகை எனக்கு மங்கலாகத் தெரியவேண்டும்” என்றேன். பேனாவை மூடிவிட்டார். மனக்கஷ்டம் ஏதாவது உண்டா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஸ்டூலை ரைஃபிள் நீளத்துக்குத் தள்ளிப் போட்டு, அதன்மேல் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் களிமண்ணில் நட்டு, அதன் நுனி தெளிவாகத் தெரிகிற லென்ஸைத் தேடினோம். அவருக்கும் ருசி தட்டிவிட்டது. கடைக்கு வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தானும் ஒரு கண்ணை மூடிக் குச்சியைப் பார்த்தார். குச்சி தெளிய, பலகை கலங்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு லென்ஸ் அகப்பட்டது. கண்ணாடி தயாரானதும் அவரே என் மூக்கில் மாட்டிவிட்டுச் சொன்னார்: “மேடம், இதைப் போட்டுக்கொண்டு ரோடு மட்டும் தாண்டாதீர்கள். தாண்டி ஏதாவது ஆனால் கண்ணாடி எந்தக் கடையில் செய்தது என்று சொல்லாதீர்கள்.”

காற்றைப் பார்த்தவள்

இருபத்தைந்து மீட்டரில் எப்படியும் பழக முடியாதது ஒன்று உண்டு. காற்று. கிட்டத்தில் குண்டு காற்றுக்கு அசைந்து கொடுப்பதற்குள் மணல் மூட்டைக்குள் போய்விடும். முந்நூறில் அப்படியில்லை, நல்ல காற்றடித்தால் பத்தை நோக்கிப் போகிற குண்டு ஏழுக்கோ ஆறுக்கோ ஒதுங்கிவிடும். சுடாவிட்டாலும் காற்றைப் படிக்கவாவது பழகலாம் என்றார் நேகி. வெயில் காலத்தில் தரையிலிருந்து சூடு அலையலையாக எழும்புகிறதல்லவா, அதைப் பைனாகுலரில் பார்த்தால் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று தெரியுமாம். நேராக மேலே கொதித்தால் காற்றில்லை. சாய்ந்து ஓடினால் அந்தப் பக்கம் காற்று. படுத்துக்கொண்டு ஆறுபோல ஓடினால் சுடாமல் காத்திரு.

மே மாதம், சாயங்கால வெயிலில் மொட்டைமாடியில் ஏறி, சுதேஷின் அண்ணனுடைய பைனாகுலரை வைத்துக்கொண்டு மலை மந்திர் பக்கமாகப் பார்ப்பேன். கோயில் குன்றுக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இன்னொரு வரிசைக் குவார்ட்டர்ஸ். ஒருநாள், மேல் வீட்டு சரஸ்வதி அக்கா காயவைத்த மிளகாயைத் திருப்புகிற சாக்கில் என் பக்கத்தில் வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், சுற்றி வளைக்க மாட்டார்.

“ஏனுங் கோமதி, எதுத்தாப்ல பிளாக்குல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. நீங்க அவுங்க சன்னலத்தான் உத்து உத்துப் பாக்கறீங்களாமா. கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடுக்கப் போறாங்களாமா.”

“நான் காத்தைப் பாக்கேன் அக்கா.”

நான் பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, குன்றைப் பார்க்காமல் அதற்குக் கொஞ்சம் முன்னால் பார்வையை நிறுத்தும்படி திருகிக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு, “தண்ணி ஓடுதுங்,” என்றார் மெதுவாக. “இடக்கையிலிருந்து சோத்துக்கையிக்கு ஓடுதுங்.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப நின்னுபோச்சு,” என்றார். அவர் சொன்னபடியே, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளும் தொங்கி நின்றன. மிளகாயை மறந்துவிட்டார். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் பைனாகுலருக்கு எனக்குமுன் அவர் வந்து நிற்பார்.

புகார் எழுத இருந்த பஞ்சாபி அம்மாளை ஒருநாள் படிக்கட்டில் சந்தித்தோம். அரசாங்க வேலை, அரசாங்க வீடு, யாராவது எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும். நான் வாயைத் திறக்குமுன், சரஸ்வதி அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தை முடித்துவிட்டார். எனக்கு அதைத் தமிழிலும் சொன்னார்: “உங்க சன்னல இவுங்க பாக்கலீங், உங்க சன்னலுக்கும் எங்களுக்கும் நடுவால இருக்கறதப் பாக்கறாங்கன்னு சொன்னனுங்.”

குண்டில்லாத பயம்

போட்டியில் கொடுக்கப்போவது எங்கள் கிளப்பின் சின்ன ரைஃபிள் இல்லை, பெரியது. அது தோளில் உதைக்கும். எப்படி உதைக்கும் என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கழுத்தெலும்பு உடைந்தவர் ஒருவர், பல் ஆடிப்போனவர் ஒருவர். கதை கேட்டுக் கேட்டு, உதைக்கவே தெரியாத சின்ன ரைஃபிளில்கூட விசையை அழுத்துகிற கணத்தில் நான் கண்ணை மூட ஆரம்பித்துவிட்டேன். எனக்கே தெரியாது. சுதேஷ்தான் கண்டுபிடித்தாள்.

நேகி ஒரு வழி செய்தார். ஒவ்வொரு முறையும் ரைஃபிளை அவரே வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, குண்டைப் போட்டோ போடாமலோ மூடி என்னிடம் தருவார். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. குண்டு இருந்தால் வெடிக்கிற சத்தத்தில் நம் குற்றம் மறைந்துபோகும். இல்லாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்தான். அப்போது குழல் முனை கீழே குதிப்பது ஊருக்கே தெரியும். முதல் தடவை டிக். முனை குதித்தது. அடுத்ததும் டிக். இப்போதாவது குண்டு இருக்கும் என்று நினைத்தால் மறுபடியும் டிக். இருக்கும் இருக்கும் என்று காத்திருந்தே எனக்கு வியர்த்துவிட்டது. ஜமுக்காளம் நனைந்தது.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து, “எப்போதுதான் குண்டு போடுவீர்கள்?” என்று கேட்டேன். நேகி சட்டைப் பையிலிருந்து குண்டுப் பெட்டியை எடுத்துக் காட்டினார். பிரிக்கவே இல்லை. கேலி இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்: “காலையிலிருந்து ஒன்றுகூடப் போடவில்லை மேடம். நீங்கள் இதுவரை பயந்ததெல்லாம் உங்களுடையது, துப்பாக்கியுடையது இனிமேல்தான் வரும்.”

மூடுபனியில் எட்டாம் நம்பர்

எத்தனையோ நாள் அந்த டிக் சத்தத்தைக் கேட்டபிறகு பயம் போனது. தைரியம் வந்து போனதாகச் சொல்லமாட்டேன், அலுத்துப் போய்ப் போனது. ஜனவரியில் தேர்வு நாள் வந்தது. அணியில் நான்கு ஆண்கள் ஏற்கெனவே தேர்வாகியிருந்தார்கள். ஐந்தாவது இடம் ஒன்று பாக்கி. அதற்கு நானும் சுதேஷும்.

அலுவலக வேனில் நகரத்துக்கு வெளியே ஒரு நிஜ சுடுமிடத்துக்குக் கூட்டிப்போனார்கள். இறங்கிப் பார்த்தால் முந்நூறு மீட்டரைக் காணோம். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. இத்தனை நாள் தூரத்தைக் கற்பனை செய்து கற்பனை செய்து பழகிவிட்டு, தூரம் இருக்கிற இடத்துக்கு வந்தும் அதைக் கற்பனைதான் செய்யவேண்டியிருந்தது. போர்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒருவருக்கொருவர் எதிரி என்ற நினைப்பே இல்லாமல், கைவிரல்களைச் சூடாக்கிக்கொள்ள ஒரே டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம்.

பனி விலகியதும் படுக்கச் சொன்னார்கள். எனக்கு ஏழாம் நம்பர் டார்கெட், பக்கத்தில் சுதேஷுக்கு எட்டு. துவாரம் வழியாகப் பார்த்தேன். அதே கறுப்புப் புள்ளி. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்த அதே புள்ளிதான். மனம் அடங்கிவிட்டது. முதல் குண்டுக்குத் தோள் உதை வாங்கியது. பல் ஆடவில்லை. சுட்டதும் டார்கெட் கீழே இறங்கும், பதுங்குகுழியில் இருக்கிறவர்கள் ஓட்டையின்மேல் ஒரு வெள்ளை வட்டத்தை மாட்டி மேலே ஏற்றுவார்கள். ஒன்பது. அடுத்தது பத்து. எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அடுத்தடுத்து எல்லாம் நன்றாகவே போயின. முடிகிற தறுவாயில் ஒரு குண்டு. விசை தானாகவே விழுந்ததுபோல விழுந்தது. அதைவிடச் சுத்தமாக நான் சுட்டதில்லை. தலையைத் தூக்காமல் காத்திருந்தேன்.

என் டார்கெட் இறங்கவில்லை. பக்கத்து டார்கெட் இறங்கியது. திரும்பவும் ஏறியபோது நட்டநடுவில் வெள்ளை வட்டம். எட்டாம் நம்பர். பெரிய ரைஃபிள் உதைக்கிற உதையில் ஒவ்வொரு முறையும் உடம்பு கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. துவாரத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி வந்ததும் அதுதான் என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். எங்கள் கிளப்பில் ஒரே ஒரு டார்கெட்தான் இருந்தது. எது என்னுடையது என்று பார்க்கிற பழக்கமே எனக்கு ஏற்படவில்லை.

சுதேஷ் அந்தச் சுற்றில் தன் குண்டை இன்னும் சுட்டிருக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அது அவளுடைய பத்தாகப் போயிருக்கும். அவள் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். “இது என்னுடையது இல்லை, ஸார்,” என்றாள். அதிகாரி இரண்டு பேரையும் பார்த்தார். என்னுடையது என்று நான் சொன்னேன். விதிப்படி அது எனக்குச் சுழியம். அந்த ஒரு குண்டு என் பக்கம் இருந்திருந்தால் நான் முந்தியிருப்பேன். இல்லாததால் அவள் முந்தினாள், அவளுடைய சொந்தக் குண்டுகளால்.

திரும்பி வரும்போது வேனில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடுகு வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. டெல்லி எல்லை வந்த பிறகு, சுதேஷ் தன்னுடைய டார்கெட் தாளை மடியில் விரித்து, நடுவில் ஒட்டுப்போட்டிருந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: “கோமதி, இந்தத் தாளிலேயே நல்ல ஓட்டை இது ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை.”

ஏழு, ஏழு

அடுத்த குளிர்காலத்தில் அணியில் இன்னொரு இடம் காலியானது. சுதேஷோடு நானும் உள்ளே புகுந்தேன். வீட்டுக் கதவில் ஒன்றுக்குப் பதில் வரிசையாகப் பல புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு நம்பர். சண்முகம் வெளியே போகும்போது ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார். நான் அதைத்தான் சுடவேண்டும். பால்காரர் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் நம்பரை மட்டும் மாற்றிச் சொல்லுகிற அளவுக்கு இது பிரசித்தமானது.

போட்டி மீரட் பக்கம் நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மறுபடியும் ஏழாம் நம்பர் டார்கெட். முந்தின வருஷத்துப் பயத்தில், ஒவ்வொரு முறை விசையில் விரலை வைக்குமுன்னும் நம்பர் பலகையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தேன். எங்கள் அணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. தனிப்பட்ட முறையில் நான் நடுவாந்திரம்தான். ஆனால் என் குண்டுகள் எல்லாம் என் டார்கெட்டில்தான் விழுந்தன. சுதேஷ் என்னைவிட நன்றாகச் சுட்டாள். பக்கத்தில் ஆறாம் நம்பரில் படுத்திருந்தவர் வேறொரு அலுவலகத்தின் ஹரியானாக்காரர், நல்ல பேர் வாங்கியவர். பாதியில் எழுந்து போய் அதிகாரியிடம் புகார் கொடுத்தார். அதிகாரி என்ன என்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஸார், இந்த மேடம் ஒவ்வொரு தடவையும் ‘ஏழு, ஏழு’ என்று முணுமுணுக்கிறார்கள், கேட்டுக் கேட்டு என் துப்பாக்கியும் அந்தப் பக்கமே போகிறது.”

எவ்வளவு பெரிய தூரத்தையும் சுருட்டி வீட்டுக்குள் வைத்துப் பழகிவிடலாம், பக்கத்தில் படுத்திருக்கிற ஆளைத்தான் சுருட்ட முடிவதில்லை.